போர்க்கால மேடையில் ஒரு குரல்: இராசிபுரம் டாக்டர் வரதராஜுலு நாயுடு

முன்னுரை

கொல்லிமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்குப் போரும் புதிதன்று. போர்க்காலத்தில் சொல் பெறும் மதிப்பும் புதிதன்று. இம்மலைக்கு உரியவனான வல்வில் ஓரியை வன்பரணரும் கழைதின் யானையாரும் பாடிய பாடல்களைப் புறநானூறு காத்துத் தந்துள்ளது. நமக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு உரைத்த சொற்களும் அத்தொகையில் உள்ளன. புகழ்வது போலத் தொடங்கி, எள்ளலாக முடிந்து, பகைவனைச் சிந்திக்க வைத்த சொற்கள் அவை. ஒரு புலவர் போர்க்காலத்தில் ஆற்றிய அரசியல் உரை என்றே அதனைக் கொள்ளலாம். பாட்டாக அமைந்தமையால் அவ்வுரை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறது.

பாட்டாக அமையாத உரை என்னாகும்? நூலாகாமல், ஒலிப்பதிவாகாமல், அன்று கூடியிருந்தோர் செவியோடு நின்றுவிட்ட உரையை வரலாறு எங்ஙனம் மதிப்பிடும்? இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற ஒருவர் நமக்கு அண்மையில், சேந்தமங்கலத்தை அடுத்துள்ள இராசிபுரத்திலேயே பிறந்திருக்கிறார். அவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு.

1920களின் தமிழகக் காங்கிரசைப் பற்றிப் பேசுவோர் 'நாயுடு, நாயக்கர், முதலியார்' என மூவரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். நாயக்கர், ஈரோடு ஈ.வெ.ராமசாமி, பெரியாராகி ஓர் இயக்கத்தின் பெயரானார். முதலியார், திரு.வி. கலியாணசுந்தரனார், தமிழ்த்தென்றலாகிப் பாடநூல்களில் நிலைபெற்றார். மூவருள் முதலாவதாகச் சொல்லப்பட்ட நாயுடு எங்கே போனார்? அவர் பிறந்த வட்டாரத்திலேயே அவரை அறியாத தலைமுறைகள் வந்துவிட்டன. பத்தாண்டுகளாக மேடையிட்டுப் பேசியும் பாடியும் வரும் நம் மன்றத்தின் மலரில் இவ்வினாவுக்கு விடை தேடுவது பொருத்தமுடையது எனக் கருதி இக்கட்டுரை எழுதப்பெறுகிறது.

மேடை தமிழ் பேசத் தொடங்கிய காலம்

தமிழர் பேச்சுக்கலையில் பண்டே சிறந்தவர் என்பதற்குத் திருக்குறளின் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களே சான்று. எனினும், பல்லாயிரம் பொதுமக்கள் ஓரிடத்தில் கூட, ஒருவர் நின்று அரசியல் பேசும் மேடை என்பது அண்மைக்காலத்தது. 1885இல் தோன்றிய காங்கிரசு பல ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே பேசியது. படித்தோர் கூடி, படித்தோருக்குப் பேசி, தீர்மானம் நிறைவேற்றிக் கலைவர்.

நம் சேலம் மாவட்டமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் சிக்கி மீண்டு புகழ்பெற்ற சி. விஜயராகவாச்சாரியார், 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு உயர்ந்தவர். அவரது அறிவாற்றலுக்கு நீதிமன்றமும் சட்டமன்றமும் தலைவணங்கின. ஆனால் அந்த ஆற்றல் பெரிதும் ஆங்கிலத்தின் வழியே வெளிப்பட்டது. சந்தைக்கு மாடு ஓட்டி வந்த உழவனுக்கும், தறியில் அமர்ந்த நெசவாளிக்கும் அது எட்டாத உயரத்தில் இருந்தது.

இந்நிலையை முதலில் உடைத்தது தூத்துக்குடி. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்கிருந்த ஹார்வியின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடையே தமிழில் பேசினர். அரசு நடுங்கியது. மார்ச்சு 12ஆம் நாள் இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. வழக்கில் அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்ட முதன்மையான சான்று, அவர்களுடைய பேச்சைப் பற்றிக் காவல்துறையினர் எழுதி வைத்த குறிப்புகளே. தமிழ் மேடைப் பேச்சை முதன்முதலில் கவனத்துடன் செவிமடுத்துப் பதிவு செய்தோர் தமிழாசிரியரோ புலவரோ அல்லர், காவலரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அதன்பின் அம்மேடை சிலகாலம் ஓய்ந்திருந்தது. 1912இல் சிறையிலிருந்து மீண்ட வ.உ.சி. நொந்த நிலையில் இருந்தார். சிவாவோ சிறையில் பெற்ற தொழுநோயோடு ஊர் ஊராக அலைந்தார். ஓய்ந்த மேடை மீண்டும் எழுந்தது முதல் உலகப்போரின் நடுவில்.

போர்க்காலச் சூழல்

1914 ஆகஸ்டில் பிரித்தானியா போரில் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடுத்த எண்ணெய்க் கிடங்குகளின்மீது குண்டு வீசியது. தமிழ்நாட்டார் போரை நேரில் கண்டது அந்த ஓரிரவுதான். 'எம்டன்' என்பது அஞ்சத்தக்க ஆளைக் குறிக்கும் சொல்லாக நம் பேச்சுவழக்கில் நிலைத்தது அதன் எச்சம்.

ஆனால் போரின் சுமை ஒவ்வொரு வீட்டிலும் இறங்கியது. இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போர்ப்பணிக்குக் கடல்கடந்து சென்றனர். 1917இல் இந்திய அரசு பிரித்தானியாவின் போர்ச்செலவுக்குப் பத்துக் கோடி பவுன் அளிக்க ஏற்றுக்கொண்டது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தமையால் அவ்வாண்டின் இறுதியில் ஒரு ரூபாய்த் தாள் அச்சிடப்பட்டது. கையில் வெள்ளி நாணயம் வாங்கிப் பழகிய குடியானவனுக்குத் தாளைக் கொடுத்து நம்பச் சொன்ன காலம் அது. துணி, உப்பு, மண்ணெண்ணெய், தானியம் ஆகியவற்றின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1918 செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. அதையடுத்து வந்த நச்சுக்காய்ச்சல் ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போனது.

இத்தகைய வேளையில் பேசுவது எளிதன்று. 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் இதழ்களின் கழுத்தை இறுக்கியிருந்தது. 1915ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டம் விசாரணையின்றி அடைத்து வைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவு எப்போதும் காத்திருந்தது. காங்கிரசோ போரின் தொடக்கத்தில் அரசுக்கு ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. 1918இல் காந்தியடிகளே குசராத்தின் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள்சேர்க்க ஊர் ஊராக நடந்தார். பெருந்தலைவர்கள் ஆதரவு காட்டிய காலத்தில், ஆட்சியைக் கண்டித்து மேடையேறியவர்களின் துணிவை இப்பின்னணியில் வைத்தே அளக்க வேண்டும்.

1916இல் திலகரும் அன்னி பெசன்டும் தனித்தனியே தொடங்கிய தன்னாட்சி இயக்கம் இச்சூழலில் பரவியது. 1917 சூனில் பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டபோது நாடு கொதித்தது. அம்மையார் ஆங்கிலத்தில் ஆற்றிய உரைகள் படித்தோரை ஈர்த்தன. அக்கருத்தைச் சிற்றூருக்குக் கொண்டு செல்லத் தமிழ் வேண்டியிருந்தது. திரு.வி.க. 1917 டிசம்பரில் தேசபக்தன் நாளிதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் மேடையிலும் அவரது தமிழ் முழங்கியது. மதுரையில் ஆலைத் தொழிலாளரை ஜார்ஜ் ஜோசப் ஒருங்கிணைத்தார். அந்நாளில் தெற்கும் மேற்குமாகச் சுற்றிச் சுழன்ற மற்றொரு குரலே நம் நாயுடுவின் குரல்.

இராசிபுரத்து மருத்துவர்

வரதராஜுலு நாயுடு 1887ஆம் ஆண்டு இராசிபுரத்தில் பிறந்தவர். பட்டம் பெற்ற வழக்கறிஞர்கள் நிறைந்திருந்த அரசியலில் இவர் மருத்துவராக நுழைந்தார். நம் நாட்டு மருத்துவமே இவரது தொழில். மக்கள் 'டாக்டர்' என்றே அழைத்தனர். அரசியல் மேடைக்கு மருத்துவத் தொழில் எவ்வாறு உதவியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வழக்கறிஞரிடம் வருவோர் வழக்கோடு வருவர். மருத்துவரிடமோ எல்லாரும் வருவர். நோயாளி தன் நோயைச் சொல்லும் மொழியை நாள்தோறும் கேட்பவர்க்கு மக்களின் மொழி கைவந்துவிடுகிறது.

அன்று ஒலிபெருக்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிய திடலில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு ஒருவர் தம் தொண்டையையே நம்பிப் பேச வேண்டும். நீண்ட தொடர்கள் காற்றில் சிதறும். வடமொழி மிகுந்த நடை முன்வரிசையைத் தாண்டாது. இன்று நாம் 'மேடைத் தமிழ்' என்று குறிப்பிடும் நடை, அழகு கருதி அமைந்ததன்று. கேட்பவன் செவியை எட்டவேண்டும் என்னும் தேவை கருதி அமைந்தது. அதனைத் திராவிட இயக்கம் பின்னர் உச்சிக்குக் கொண்டு சென்றது உண்மை. ஆயினும் அதற்கான திடலைச் சமன் செய்தவர்கள் முதல் உலகப்போர்க் காலத்துப் பேச்சாளர்களே. பேச்சுத்தமிழின் வரலாற்றை எழுதும்போது இத்தொடக்கத்தை விட்டுவிடுவது, வேரை விட்டு மரத்தை வரைவதற்கு ஒப்பாகும்.

பேச்சோடு எழுத்தையும் நாயுடு கருவியாகக் கொண்டார். போர்க்காலத்தில் பிரபஞ்சமித்திரன் இதழையும், போருக்குப் பின்னர்ச் சேலத்திலிருந்து தமிழ்நாடு என்னும் இதழையும் நடத்தினார். ஒரு பத்திரிகைக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டியமை, அன்றைய சென்னை மாகாணத்தில் பொருள்பொதிந்த செயலாகும். மாநிலத்திற்கு அப்பெயர் அமைய 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மதுரை வழக்கு

1918ஆம் ஆண்டு மதுரையில் ஆற்றிய சொற்பொழிவுக்காக நாயுடுவின்மீது இராசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. போர் இன்னும் முடியாத காலம். இந்தியாவின் கிளர்ச்சிகளை ஒடுக்க வழி கூறும் ரௌலட் குழுவின் அறிக்கை வெளிவந்த ஆண்டும் அதுவே. தூத்துக்குடிப் பேச்சுக்குப் பத்தாண்டுகள் கழித்து மீண்டும் ஒரு தமிழ்ப் பேச்சு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது.

இத்தகைய வழக்குகள் நடந்த முறையை நோக்கினால் மொழியியலார்க்கும் புலவர்க்கும் வியப்பு மிகும். பேச்சாளர் தமிழில் பேசுவார். கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்த காவலர் தம்மால் இயன்ற விரைவில் குறித்துக்கொள்வார். குறிப்பு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்படும். அந்த ஆங்கிலத்தைப் படித்து நீதிபதி தீர்ப்பளிப்பார். ஒரு சொல்லில் இருந்த நகையும், ஓர் ஏற்ற இறக்கத்தில் இருந்த குத்தலும், கூட்டத்தின் கைத்தட்டலும் இப்பயணத்தில் உதிர்ந்துபோகும். எஞ்சிய சக்கைக்குத் தண்டனை வழங்கப்படும். எனினும், அந்தச் சக்கையாவது எஞ்சியது காவல்துறையின் புண்ணியம் என்று சொல்லவேண்டிய நிலையில் தமிழ்ப் பேச்சுக்கலையின் வரலாறு இருக்கிறது. அரசு தண்டிக்க விரும்பிய பேச்சு கோப்பில் வாழ்கிறது; அரசு பொருட்படுத்தாத பேச்சு காற்றோடு கலந்துவிட்டது.

நாயுடுவுக்காக வாதாட முன்வந்தவர், அந்நாளில் சேலம் நகராட்சித் தலைவராகவும் புகழ்மிக்க வழக்கறிஞராகவும் விளங்கிய சி. இராசகோபாலாச்சாரியார். இராசிபுரத்துப் பேச்சாளரும் சேலத்து வழக்கறிஞரும் மதுரை நீதிமன்றத்தில் ஓரணியில் நின்ற அக்காட்சியை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவற்றின் பொருள் அதனால்தான் விளங்கும்.

கேட்டவர் இருவர்

ஒரு பேச்சின் மதிப்பை அதன் சொற்களைக் கொண்டு அளக்க இயலாதபோது, கேட்டவர்களைக் கொண்டு அளக்கலாம். நாயுடுவைக் கேட்டவர்களுள் இருவரை மட்டும் இங்குக் குறிப்பிடலாம்.

ஒருவர், ஈரோட்டு வணிகரும் நகராட்சித் தலைவருமான ஈ.வெ.ராமசாமி. தம்மைக் காங்கிரசுக்குள் கொண்டு வந்தவர்களாக இராஜாஜியையும் வரதராஜுலு நாயுடுவையும் அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். செல்வமும் பதவியும் உடைய ஒருவரைக் கதர் மூட்டை சுமக்கச் செய்தது அந்த நட்பு. அவர் காங்கிரசுக்குள் வந்திராவிட்டால், அதைவிட்டு வெளியேறி ஒரு புதிய இயக்கம் காணும் நிலையும் நேர்ந்திராது.

மற்றொருவர், விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் மாமன் துணிக்கடையில் வேலை பார்த்த சிறுவன். 1903இல் பிறந்த அவனுக்கு உலகப்போர் முடியும்போது பதினைந்து வயது. பள்ளிப் படிப்பு நின்றுபோன அவனுக்குப் பொதுக்கூட்ட மேடையே பள்ளியாயிற்று. கடையை விட்டுவிட்டு நாயுடு, ஜார்ஜ் ஜோசப் முதலியோரின் பேச்சைக் கேட்க ஓடிய அச்சிறுவன்தான் காமராசர். ஆங்கிலத்தில் மட்டுமே அரசியல் பேசப்பட்டிருந்தால் அக்கடைப் பையனுக்கு அங்கே இடமே இருந்திராது. மேடை தமிழுக்கு மாறியதன் முழுப்பொருளை அறிய இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

சேரன்மாதேவி

அயலார் ஆட்சியை எதிர்த்துப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். தம்மவரை நோக்கிப் பேசுவதற்கு அதனினும் மிக்க துணிவு வேண்டும். நாயுடுவின் வாழ்வில் அத்தேர்வு 1924, 1925ஆம் ஆண்டுகளில் வந்தது.

வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நாட்டுப்பற்று வளர்க்கும் குருகுலம் ஒன்றை நடத்திவந்தார். அதற்குத் தமிழ்நாடு காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தர ஒப்பி, ஐயாயிரம் அளித்திருந்தது. அங்கே பிராமண மாணவர் தனியாகவும் பிறர் தனியாகவும் உண்ணவைக்கப்படுகின்றனர் என்னும் செய்தி வெளிவந்தது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பந்தி பிரிப்பதா என்ற வினா எழுந்தது. அவ்வினாவை மேடைதோறும் கொண்டு சென்றவர், அன்று தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவராக இருந்த வரதராஜுலு நாயுடு. தமிழ்நாடு இதழின் பக்கங்கள் அப்போராட்டத்துக்குப் படைக்கலமாயின. ஈ.வெ.ரா. தோள்கொடுத்தார்.

காந்தியடிகள் வரையில் சென்ற அச்சிக்கல் எளிதில் தீரவில்லை. 1925 ஏப்ரலில் காங்கிரசுக் குழு பிறப்பு வேற்றுமை பாராட்டலாகாது என்னும் கருத்தில் தீர்மானம் நிறைவேற்றியபோது, இராஜாஜி உள்ளிட்டோர் குழுவிலிருந்து விலகினர். மதுரை நீதிமன்றத்தில் ஓரணியில் நின்ற இருவரும் ஏழாண்டுகளில் எதிரெதிர் அணியினர் ஆயினர். அவ்வாண்டு சூன் 3ஆம் நாள் வ.வே.சு. ஐயர் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காக்கச் சென்று உயிர் நீத்தார். சிறுகதை முன்னோடியும் கம்பனின் பெருமையை ஆங்கிலத்தில் எழுதியவருமான அவரை நாம் இழந்த துயரம் பெரிது. அத்துயரத்தால் அவ்வினாவின் நேர்மை குறைந்துவிடாது; அவ்வினாவின் நேர்மையால் அத்துயரமும் குறைந்துவிடாது. இரண்டையும் ஒருசேர ஏற்பதே வரலாற்றறிவு.

மறதியின் காரணங்கள்

இத்துணைச் செயல்களுக்கு உரியவர் மறக்கப்பட்டது எவ்வாறு? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, அவர் கட்டியவை பிறர் பெயரில் வளர்ந்தன. 1932இல் சென்னையில் இண்டியன் எக்ஸ்பிரஸ் நாளிதழைத் தொடங்கியவர் அவரே. பொருள்நெருக்கடியால் அது சதானந்திடம் சென்று, பின்னர்க் கோயங்காவின் கைக்கு மாறியது. அவரது தமிழ்நாடு இதழில் பயின்ற டி.எஸ். சொக்கலிங்கம் 1934இல் தினமணியின் முதல் ஆசிரியரானார். விதைத்தவர் பெயரை விளைச்சல் சொல்வதில்லை.

இரண்டாவது, அவர் எந்த ஓர் அணியிலும் இறுதிவரை நிலைக்கவில்லை. ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறியபோது இவர் உடன் செல்லவில்லை. பின்னர்த் தாமும் காங்கிரசோடு முரண்பட்டு விலகினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்து மகாசபையின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக இருந்தார். இந்துக்கள் படையில் சேர வேண்டும் என்பது அப்போரில் மகாசபையின் கொள்கை. முதற்போரின்போது ஆட்சியைக் கண்டித்துப் பேசிக் கூண்டேறியவர், அடுத்த போரின்போது அத்தகைய கொள்கையுடைய அவையில் அமர்ந்திருந்தார் என்பது வரலாற்றின் முரண். இதனை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது அவருக்கும் வரலாற்றுக்கும் நாம் செய்யும் தீங்கு. சேரன்மாதேவியை நினைவுகூர்வோர் மகாசபையை மறக்க விரும்புவர். மகாசபையைப் போற்றுவோர் சேரன்மாதேவியை விரும்பார். காங்கிரசாருக்கோ இரண்டும் சங்கடம். ஒவ்வொரு கட்சியும் தன் முன்னோர் பட்டியலை எழுதியபோது அவரது பெயர் அடுத்த வீட்டுக்குரியது என்று விடுபட்டுப் போயிற்று.

மூன்றாவது காரணமே நம் போன்ற இலக்கிய மன்றத்தார் ஆழ்ந்து எண்ணத்தக்கது. நாயக்கர் இயக்கத்தை விட்டுச் சென்றார். முதலியார் நூல்களை விட்டுச் சென்றார். நாயுடு விட்டுச் சென்றவை பேச்சும் நாளிதழ்த் தாளும். பேச்சு அன்றைக்கே காற்றில் கலந்தது. தாள் சில ஆண்டுகளில் பழுப்பேறி உதிர்ந்தது. 1927இல் சேலம் அரசியல் மாநாட்டில் வ.உ.சி. ஆற்றிய தலைமையுரை, 'எனது அரசியற் பெருஞ்சொல்' என அச்சேறியமையால் இன்றும் நாம் படிக்கும்படி உள்ளது. 1921 சூலை 31ஆம் நாள் ஈரோடு கருங்கல்பாளையத்தில் பாரதியார் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார். தலைப்பு நம்மிடம் இருக்கிறது, அக்குரல் இல்லை. பாரதியாருக்கே இந்நிலை எனில் பிறரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பழ. அதியமான் பல்லாண்டுகள் தேடி எழுதி 2012இல் வெளிவந்த வரதராஜுலு நாயுடு வரலாறு, உதிர்ந்த தாள்களைப் பொறுக்கி எடுத்துக் கட்டிய மாலை. அந்நூல் வருவதற்கு அவர் மறைந்தபின் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்நூலின் தலைப்பும் அவரைப் 'பெரியாரின் நண்பர்' என்றே அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது.

1954: ஒரு முன்மொழிவு

விடுதலைக்குப் பின் நாயுடு மீண்டும் காங்கிரசில் இருந்தார். 1952 முதல் முதலமைச்சராக இருந்த இராஜாஜி, 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தால் பெரும் எதிர்ப்புக்கு உள்ளானார். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டில் பெற்றோர் தொழில் என்றமைந்த அத்திட்டத்தைக் 'குலக்கல்வி' என மக்கள் கண்டித்தனர். அவர் பதவி விலக நேர்ந்தது.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க 1954 மார்ச்சு 30ஆம் நாள் சட்டமன்றக் காங்கிரசுக் கட்சி கூடியது. இராஜாஜியின் ஆதரவு சி. சுப்பிரமணியத்துக்கு இருந்தது. அவருக்கு எதிராகக் காமராசரின் பெயரை எழுந்து முன்மொழிந்தவர் வரதராஜுலு நாயுடு. 93க்கு 41 என்னும் வாக்குக் கணக்கில் காமராசர் வென்றார்; ஏப்ரல் 13இல் முதலமைச்சரானார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

இக்காட்சியைச் சற்று நின்று நோக்குக. உலகப்போர்க் காலத்தில் துணிக்கடையிலிருந்து ஓடிவந்து கூட்டத்தில் நின்று கேட்ட சிறுவனின் பெயரை, மேடையில் நின்று பேசியவரே முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து முன்மொழிகிறார். பள்ளியைப் பாதியில் இழந்த அச்சிறுவன், பின்னர் ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வரவேண்டும் என்பதற்காகவே மதிய உணவைப் பரவலாக்கினார். சேரன்மாதேவியில் ஒரே பந்தி வேண்டும் என்று முழங்கிய குரலுக்கும், ஊர்தோறும் பள்ளிகளில் எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதற்கும் இடையே ஓர் உறவுண்டு என நான் கருதுகிறேன். அப்பேச்சின் ஒரு வரியும் நம் கையில் இல்லாமற் போகலாம், அப்பந்தி இருந்தது.

அதன்பின் மூன்றாண்டுகளில், 1957இல், நாயுடு மறைந்தார்.

நிறைவாக

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பாட்டாகாத உரை என்னாகும்? கேட்டவரில் போய்ச் சேரும் என்பதே நாயுடுவின் வாழ்க்கை தரும் விடை. அது ஆறுதல் தரும் விடைதான். எனினும், அதில் மனநிறைவு கொண்டு வாளாவிருத்தல் நமக்கு அழகன்று. கேட்டவர் எல்லாரும் காமராசர் ஆவதில்லை. கேட்டவர் மறைந்தால் அவரோடு உரையும் மறையும்.

நம் மன்றம் பத்தாண்டுகளில் எத்தனையோ சொற்பொழிவுகளை நிகழ்த்தியுள்ளது. அவற்றுள் எத்தனை எழுத்தில் உள்ளன? கவியரங்கப் பாடல்களைத் தொகுக்கும் நாம், உரைகளைத் தொகுத்திருக்கிறோமா? கொல்லிமலைச் சரிவிலும், புதன்சந்தையிலும், பேளுக்குறிச்சியிலும், இராசிபுரத்திலும் பழைய பொதுக்கூட்டங்களைப் பற்றித் தம் பெற்றோரும் பாட்டன்மாரும் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் சிலரேனும் இருப்பர். அவர்களிடம் ஒரு சுவடியோடு சென்று அமர்வது நம் அடுத்த பத்தாண்டின் பணிகளுள் ஒன்றாகலாம். எந்தக் கட்சிப் பட்டியலில் இடமுண்டு என்று பாராமல், நிறையும் குறையும் ஒருங்கே எழுதி வைக்கும் உரிமை இலக்கிய மன்றத்துக்கே உண்டு.

நூற்றாண்டுக்கு முன் நம் அண்டை ஊர்க்காரர் ஒருவரின் பேச்சைக் குறித்து வைக்கக் காவல்துறை ஆள் அனுப்பியது. அதனினும் குறைந்த அக்கறையை நாம் காட்டலாகாது.